ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையும் நாட்டின் கஜானாவும்

(பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி அங்கத்தினர் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஆரோக்கியம் சம்பந்தமாக ஏதாவது பேசும்படி காரியதரிசி என்னைக் கேட்டுக்கொண்டார். நான் டாக்டர் அல்ல. பி.எஸ்ஸி.யில் ரசாயனம் படித்தவன். அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் டிரஷரியில் உட்கார்ந்து பில்களைச் சரிபார்த்துப் பாஸ் செய்தவன். ஆகையால், வைத்தியத்தை டாக்டர்களுக்கு விட்டுவிட்டு, அதன் பின்னால் இருக்கும் வரவு செலவுக் கணக்கைப் பற்றிப் பேசலாம் என்று தோன்றியது. அதற்கு நான் எடுத்துக்கொண்ட உதாரணம் ரத்தப் புற்றுநோயும், அதற்குச் செய்யப்படும் ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையும். ஒரு நாட்டின் செல்வ நிலைக்கும் அந்த நாட்டு நோயாளி பிழைப்பதற்கும் உள்ள சம்பந்தம் இந்த ஒரு சிகிச்சையில் தெளிவாகத் தெரிவதுபோல வேறு எதிலும் தெரிவது அபூர்வம்.

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் எலும்புகளின் உள்ளே இருக்கும் மஜ்ஜைதான் ரத்தத்தின் நாற்றங்கால். சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் என்ற மூன்று வகைப் பயிரும் அங்கே ஸ்டெம் செல் என்ற ஒரே விதையிலிருந்து முளைக்கின்றன. லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோயில் இந்த நாற்றங்காலில் களை மண்டிவிடுகிறது. முதிராத வெள்ளையணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுகின்றன. கீமோதெரபி மருந்தினால் களையைப் பெரும்பாலும் ஒழிக்கலாம். சிலருக்கு அதுவே போதும், முக்கியமாகக் குழந்தைகளில் பலருக்கு. மற்றவர்களுக்கு, வீரியமான மருந்தாலோ கதிர்வீச்சாலோ நாற்றங்காலை முழுவதும் அழித்துவிட்டு, பொருத்தமான இன்னொருவரின் ஸ்டெம் செல்லை ரத்தம் ஏற்றுவதுபோல ஏற்றுகிறார்கள். அந்த விதைகள் தாமே வழி கண்டு எலும்புக்குள் போய் முளைவிட இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை நோயாளிக்கு எதிர்ப்புச் சக்தி என்பதே கிடையாது.

அமெரிக்காவில் டாக்டர் டொனால் தாமஸ் 1950-களின் நடுவில் இந்த முயற்சியைத் தொடங்கினார். பல வருஷங்கள் தோல்விதான். 1990-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் பம்பாய் டாடா நினைவு ஆஸ்பத்திரியில் 1983-ல் டாக்டர் சுரேஷ் அத்வானி ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்கு இந்தச் சிகிச்சையைச் செய்தார். இளவயதில் போலியோவால் தாக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே வைத்தியம் பார்த்தவர் அவர் என்பதை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1986-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கினார்கள். நோபல் பரிசு அறிவிக்கப்படும் முன்பே நம் டாக்டர்கள் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். திறமையில் நாம் பின்தங்கவில்லை.

இனி கணக்குக்கு வருவோம். 2006-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் இப்படிப்பட்ட முதல் மாற்றுச் சிகிச்சைகள் எத்தனை நடந்தன என்று சர்வதேச அளவில் திரட்டி 2010-ல் வெளியிட்டார்கள். மொத்தம் 50,417. இதில் ஐரோப்பா 48 சதவிகிதம், வட தென் அமெரிக்காக்கள் 36 சதவிகிதம். உலக மக்கள்தொகையில் பாதிக்கு மேல் வசிக்கும் ஆசியாவுக்கு 14 சதவிகிதம். மீதி 2 சதவிகிதம்தான் ஆப்பிரிக்காவுக்கும் மேற்காசிய நாடுகளுக்கும். 2012 டிசம்பரில் உலகின் மொத்த எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டது. அப்போதும் மிக ஏழையான நாடுகளில் ஒன்றுகூட நடக்கவில்லை.

இது சிகிச்சை கிடைப்பதைப் பற்றிய கணக்கு. கிடைத்த பிறகு பிழைப்பதிலும் வித்தியாசம் உண்டா? அதையும் பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பிய நாடுகளை வருமானம், கல்வி, ஆயுள் ஆகிய மூன்றும் சேர்ந்த மானுட வளர்ச்சிக் குறியீட்டின்படி ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். ஒரே வகை லுக்கீமியா, ஒரே கட்டம், உடன்பிறந்தவரே தானம் செய்தவர் என்று எல்லாவற்றையும் சமமாக வைத்து ஒப்பிட்டார்கள். நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் அடிப்படியில் 56 சதவிகிதம், உச்சிப்படியில் 68 சதவிகிதம். நூற்றுக்குப் பன்னிரண்டு உயிர்கள் வித்தியாசம். இதற்கு முக்கிய காரணம், மேல்படி நாடுகளில் நோய் திரும்பி வருவது குறைவாக இருந்ததுதான். 2010-ல் வெளிவந்த ஆய்வு இது. எல்லாமே ஐரோப்பிய நாடுகள் என்பதை மறக்கக்கூடாது. அங்கேயே இப்படி என்றால், ஐரோப்பாவுக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மருந்து ஒன்று, முறை ஒன்று, டாக்டர் படித்த புத்தகமும் ஒன்று. அப்படியானால் பணம் எந்த வழியாக உள்ளே நுழைகிறது? மாற்றுச் சிகிச்சை நடக்கும் அந்த ஒரு நாளை மட்டும் பார்த்தால் இது புரியாது. அதற்கு முந்தைய மாதங்களையும் பிந்தைய மாதங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் ஊர் வழியையே எடுத்துக்கொள்ளுங்கள். இஞ்சிவிளையிலோ செங்கலிலோ ஒரு கூலித் தொழிலாளியின் மகனுக்குக் காய்ச்சல் விடவில்லை, ஈறில் ரத்தம் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை. பிறகு பக்கத்து கிளினிக். பாறசாலை தாலூக்கா ஆஸ்பத்திரியிலோ நெய்யாற்றின்கரை ஜெனரல் ஆஸ்பத்திரியிலோ ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்தால் அன்றைக்கே சந்தேகம் வந்துவிடும். அந்த நாள் முதல் வாரத்திலா, ஆறாவது வாரத்திலா என்பது, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடிகிறதா என்பதைப் பொறுத்தது. பணம் நுழையும் முதல் வாசல் இது.

இரண்டாவது வாசல், நோயை அடக்கிய பிறகு மாற்றுச் சிகிச்சைக்காகக் காத்திருக்கும் காலம். நோய் அடங்கியிருக்கும்போதே செய்தால்தான் நல்ல பலன். படுக்கை காலியாக வேண்டும், பணம் சேர வேண்டும், நிலப் பத்திரம் பாங்கில் அடகு போக வேண்டும். அதற்குள் களை மறுபடியும் தலைதூக்கலாம். நம் நாட்டில் உடன்பிறந்தவரின் செல்லை வைத்துச் செய்தாலே பத்து லட்சத்துக்குக் குறைவாக முடிவது அரிது. அமெரிக்காவில் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகவும் மலிவு. ஆனால் வருமானத்தோடு ஒப்பிட்டால் ஒரு சாதாரணக் குடும்பத்தின் பல வருஷச் சம்பாத்தியம்.

மூன்றாவது வாசல் கிருமி. எதிர்ப்புச் சக்தி இல்லாத அந்த வாரங்களில் சுத்தமான காற்று வரும் தனியறை, நேரத்துக்குப் பிளேட்லெட், விலை கூடிய பூஞ்சைக் கொல்லி மருந்துகள் எல்லாம் வேண்டும். சாதாரண ஆன்டிபயாட்டிக்குகளுக்கு மசியாத கிருமிகள் நம் நாட்டில் அதிகம். நாலாவது வாசல் வீடு திரும்பிய பின். பல மாதம், சிலருக்கு வருஷக்கணக்கில், மருந்தும் பரிசோதனையும் தொடர வேண்டும். வேலூரில் செய்துகொண்டவர் ராத்திரி ரயிலில் காட்பாடிக்குப் போய் வர வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டும். கூடவே இருக்கும் அப்பாவின் சம்பளம் போய்விடும். ஒரு பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் ஆரம்பத்திலேயே பிடித்திருக்கக் கூடியது பிடிபடாமல் போகும். நோய் திரும்பி வரும் வித்தியாசம் ஆபரேஷன் தியேட்டரில் உண்டாவதைவிட இப்படி வழியில்தான் அதிகம் உண்டாகிறது என்பது என் அபிப்பிராயம்.

இங்கே கணக்குப் பார்த்தவன் என்ற முறையில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எந்த சதவிகிதத்தைப் பார்த்தாலும், கீழே வகுக்கும் எண் எது என்று முதலில் பார்க்க வேண்டும். மாற்றுச் சிகிச்சையின் வெற்றிக் கணக்கில், சிகிச்சை மேஜை வரை வந்து சேர்ந்தவர்கள் மட்டுமே வகுக்கும் எண்ணாக இருக்கிறார்கள். வராதவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. வேலூர் டாக்டர்கள் இந்த விட்டுப்போன வரியையும் நேர்மையாக எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். 2012-ஆம் வருஷத்தில் அங்கே தீவிர மைலாய்டு லுக்கீமியா என்று புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 380 பேர். முழு அளவிலான சிகிச்சையைத் தொடங்கியவர்கள் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவர்களில் பெரும்பாலோருக்குத் தடையாக நின்றது பணம். மாற்றுச் சிகிச்சைக்கு அல்ல, அதற்கு முந்தைய முதல் படிக்கே இந்த நிலை. நாட்டின் செல்வம் சிகிச்சைப் பலனை எப்படிப் பாதிக்கிறது என்ற கேள்விக்கு, புள்ளிவிவரத்தில் வராத அந்த முகங்கள்தான் பெரிய பதில் என்று நான் நினைக்கிறேன்.

நாம் இருப்பது எல்லைக் கிராமம். 1956 நவம்பர் 1-ந் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலூக்காக்களும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலூக்கா கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் கோடு விழுந்தது. இரண்டு பக்கமும் ஒரே மண், ஒரே ரப்பர், ஒரே மரச்சீனி. கல்யாண சம்பந்தங்களும் கோட்டைத் தாண்டித்தான் நடக்கின்றன. ஆனால் வியாதி வந்தால் கையில் இருக்கும் கார்டு வேறு. அந்தப் பக்கத்தில் 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012-லிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. இந்தப் பக்கத்தில் 2011-ல் கே.எம். மாணி நிதியமைச்சராக இருந்தபோது காருண்யா லாட்டரி வந்தது. அதன் வருமானத்திலிருந்து வைத்திய உதவி நிதி ஒன்று ஏற்பட்டது. பிறகு 2019-ல் காருண்யா ஆரோக்ய சுரக்ஷா பத்ததி, பட்டியலில் உள்ள குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கும் என்னைப் போன்ற பென்ஷன்காரர்களுக்கும் 2022 ஜூலையில் மெடிசெப் தொடங்கியது. ஒரே தெருவில் ஒரே நோய் மூன்று பேருக்கு வந்தால், மூன்று பேருக்கும் மூன்று விதமான நாடு என்று சொன்னால் மிகையாகாது.

டிரஷரியில் இருந்த காலத்தில் உத்தியோகஸ்தர்களின் மெடிக்கல் ரீஇம்பர்ஸ்மென்ட் பில்கள் என் மேஜைக்கு வரும். புற்றுநோய் பில்களைக் கையில் எடுக்கும்போது ஒன்று தோன்றும். வாசலில் தேங்காய் இறக்கும் ஆளுக்கும் இதே வியாதி வரலாம், ஆனால் அவர் பெயரில் ஒரு பில்லும் இந்த ஜன்னலுக்கு வராது. அவர் செலவு செய்யாததால் அல்ல, திருப்பித் தர ஆள் இல்லாததால்.

நிலைமை மாறாமலும் இல்லை. நம் நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் மக்கள் சொந்தப் பையிலிருந்து கொடுக்கும் பங்கு, தேசியக் கணக்கின்படி 2013-14-ல் 64 சதவிகிதமாக இருந்தது. 2021-22-ல் 39 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. முதலில் சொன்ன 2006-ஆம் ஆண்டுக் கணக்கை ஆராய்ந்தவர்கள் கண்ட ஒரு முடிவு இங்கே பொருந்தும். மாற்றுச் சிகிச்சை எவ்வளவு நடக்கிறது என்பதோடு மிக நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது, தனிநபர் வருமானத்தைவிடச் சற்றே கூடுதலாக, சர்க்கார் சுகாதாரத்துக்குச் செலவிடும் தொகைதான். அதாவது நாட்டில் பணம் இருந்தால் மட்டும் போதாது, அது எந்தப் பெட்டியில் போய் விழுகிறது என்பதும் முக்கியம். நம் திருவனந்தபுரம் ரீஜனல் கான்சர் சென்டரே இதற்கு சாட்சி. 1981-ல் டாக்டர் எம். கிருஷ்ணன் நாயரை முதல் டைரக்டராகக் கொண்டு ஏற்பட்ட ஸ்தாபனம் அது. ஆரோக்கியமாக இருக்கும்போதே ஒரு சிறு தொகை கட்டிவைத்தால், பின்னால் புற்றுநோய் வந்தால் சிகிச்சை தரும் திட்டத்தை 1986-லேயே தொடங்கியது. கேரளம் அப்போது பணக்கார மாநிலம் அல்ல. அங்கே வரிசையில் நிற்பவர்களில் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்களையும் தாராளமாகப் பார்க்கலாம். நோயாளி எல்லைக் கோட்டைப் பார்ப்பதில்லை.

ஏழை நாடு புத்தியால் ஜெயித்த இடங்களும் உண்டு. க்ரானிக் மைலாய்டு லுக்கீமியா என்ற வகைக்கு ஒரு காலத்தில் மாற்றுச் சிகிச்சைதான் ஒரே தீர்வாக இருந்தது. 2001-ல் இமாட்டினிப் என்ற மாத்திரை வந்தது. தினமும் சாப்பிட்டால் நோய் அடங்கிக் கிடக்கும். க்ளிவெக் என்ற பெயரில் வந்த வெளிநாட்டுக் கம்பெனி மாத்திரைக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய். நம் நாட்டுக் கம்பெனிகள் அதே மருந்தை மாதம் பத்தாயிரம் ரூபாய்க்குள் கொடுத்தன. காப்புரிமை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1-ந் தேதி வெளிநாட்டுக் கம்பெனியின் கோரிக்கை தள்ளுபடியானது. அந்தத் தீர்ப்பு எத்தனையோ ஏழை நாட்டு நோயாளிகளுக்கும் பிராண வாயு.

இன்னொன்று, பாதி மட்டும் பொருந்தும் தானம். பெற்றோரும் பிள்ளைகளும் எப்போதுமே ஒருவருக்கொருவர் பாதியாவது பொருந்துவார்கள். முன்பெல்லாம் இது ஆபத்தாக இருந்தது. சைக்ளோஃபாஸ்பமைடு என்ற பழைய, மலிவான மருந்தை, செல் ஏற்றிய சில நாட்களுக்குள் கொடுத்தால் ஆபத்து பெருமளவு குறைகிறது என்று அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டாக்டர்கள் காட்டினார்கள். இப்போது இந்தியா முழுவதும் இது நடைமுறை. 2023 அக்டோபரில், பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாடா ஆஸ்பத்திரியும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி செல் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. நோயாளியின் சொந்த வெள்ளையணுவையே நோய்க்கு எதிராகப் பழக்கும் முறை இது. வெளிநாட்டில் கோடிக்கணக்கில் ஆவது இங்கே லட்சக்கணக்கில் முடிகிறது. அந்த லட்சங்களும் நம்மில் பலருக்கு எட்டாக்கனிதான், ஆனாலும் திசை சரியானது.

கடைசியாக, நம் குடும்பங்களைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. உடன்பிறந்த ஒருவர் முழுவதும் பொருந்துவதற்கான வாய்ப்பு நாலில் ஒன்று. என் தலைமுறையில் ஐந்து சகோதர சகோதரிகள் சாதாரணம். அப்படியானால் ஒருவராவது பொருந்தும் வாய்ப்பு 76 சதவிகிதம். இரண்டு பேர் இருந்தால் 44. ஒருவர்தான் என்றால் 25. என் பேரக் குழந்தைகளின் தலைமுறையில் ஒற்றைப் பிள்ளையே அதிகம். அவர்களுக்கு இந்தக் கணக்கில் பூஜ்யம். படிப்பும் வசதியும் கூடக் கூட, வீட்டுக்குள் தானம் செய்யும் ஆள் இல்லாமல் போகிறது. அப்போது வெளியார்தான் கதி.

பணக்கார நாடுகள் இந்தக் குறையைத் தானம் செய்வோர் பதிவேட்டால் நிரப்புகின்றன. உலகப் பதிவேடுகளில் நாலு கோடிக்கு மேல் பெயர்கள் இருக்கின்றன. அதில் இந்தியர் மிகக் குறைவு. ஐரோப்பியரின் அணு வகை நமக்குப் பொருந்துவது கடினம். நம் அணு வகை நம் பிரதேசத்தார், நம் வம்சாவளியினர் ஆகியோரிடம்தான் பெரும்பாலும் இருக்கும். சென்னையில் 2009-ல் தாத்ரி என்ற பதிவேடு தொடங்கியது. வேறு பதிவேடுகளும் உண்டு. பதினெட்டு வயது நிரம்பிய ஆரோக்கியமான இளைஞர்கள் சேரலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். என்றைக்காவது பொருத்தம் வந்தால், நாலைந்து நாள் ஊசி போட்டு, பிளேட்லெட் எடுப்பதுபோலக் கை நரம்பிலிருந்தே செல்லைப் பிரித்து எடுக்கிறார்கள். எலும்பை உடைப்பார்கள், முதுகெலும்பில் துளைப்பார்கள் என்பதெல்லாம் வீண் பயம். கொடுத்த செல் சில வாரங்களில் தானே ஊறிவிடும்.

பதிவு செய்தவர்களில் பலர், அழைப்பு வரும்போது பின்வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதால். குழந்தைக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே, உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று பாட்டியும் தாத்தாவும் கேட்கிறார்கள். எதிர்முனையில் நோயாளியின் மஜ்ஜையை அழிக்கும் மருந்தைக் கொடுத்த பிறகு இப்படிப் பின்வாங்கினால், அது அவருக்கு மரண தண்டனை. ஆகவே இன்று நான் இளைஞர்களைக் கேட்டுக்கொள்வதைவிட என் வயதுக்காரர்களைக் கேட்டுக்கொள்வது அதிகம். பேரன் பெயர் கொடுக்க விரும்பினால் முதலிலேயே யோசித்துச் சம்மதியுங்கள், சம்மதித்த பிறகு தடுக்காதீர்கள். அந்த செல் நம்மவர் ஒருவருக்குப் போகலாம், முன்பின் அறியாத ஒருவருக்கும் போகலாம். யாருக்கென்று தானம் செய்பவருக்கு அப்போது தெரிவிப்பதும் இல்லை.

பம்பாய், சென்னை, பெங்களூர், டில்லி என்று பல ஊர்களில் இருக்கும் அங்கத்தினர்கள் இதைப் படிக்கும்போது, தங்கள் ஊர்க் கூட்டத்திலும் மூன்று காரியங்களை யோசிக்க வேண்டுகிறேன். ஒன்று, இளைஞர்களின் பெயரைப் பதிவேட்டில் சேர்க்க ஒரு நாள் ஒதுக்குவது. இரண்டு, ரத்தமும் பிளேட்லெட்டும் கொடுக்கத் தயாராக இருப்பவர்களின் போன் நம்பர்களை ஒரு நோட்டில் எழுதிவைப்பது. மூன்று, வேலூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ சிகிச்சைக்கு வரும் குடும்பத்துக்குச் சில மாதம் தங்க ஓர் அறையும் இரண்டு வேளைச் சாப்பாடும் ஏற்பாடு செய்வது. மாற்றுச் சிகிச்சைக்கான பத்து லட்சத்தை நம்மால் கொடுக்க முடியாமல் இருக்கலாம். ஆனால் ஒரு பரிசோதனையும் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ள நம்மால் முடியும். 56-க்கும் 68-க்கும் நடுவில் இருக்கும் அந்தப் பன்னிரண்டு பேரில் சிலராவது அந்த அறையிலும் அந்தச் சாப்பாட்டிலும் இருக்கிறார்கள்.

பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்கள் சாப்பாட்டுக்கு முன் காரியதரிசியைப் பார்க்கலாம்.